இரண்டு விசில்

அப்போதெல்லாம் எங்கள் பக்கத்துக் கிராமங்களில் போன் கிடையாது. தந்தி அடித்தால் அது வந்து சேர்வதற்குள் எடுக்க வேண்டியதை எடுத்து முடித்திருப்பார்கள். அதனால் துட்டி சொல்ல, அதாவது சாவுச் செய்தி சொல்ல, பஸ் கண்டக்டரைத்தான் பிடிப்பார்கள். இளையரசனேந்தலுக்கும் சங்கரன்கோவிலுக்கும் ஓடிய ஒரு தனியார் பஸ்ஸில் நான் பதினாறு வருடம் கண்டக்டராக இருந்தேன். ஏதாவது ஒரு நிறுத்தத்தில் சட்டை போடாமல், தோளில் வெறும் துண்டோடு, ஏறவும் மாட்டாமல் போகவும் மாட்டாமல் ஓர் ஆள் நின்றால் எனக்குத் தெரிந்துவிடும். இறங்கி அவர் பக்கத்தில் போய்க் காதைக் கொடுப்பேன்.

"மூணாவது ஸ்டாப்புல, பிள்ளையார் கோவிலுக்கு எதுத்த வீடு. எங்க ஐயா தவறிட்டாவன்னு சொல்லிருங்க. சாயங்காலம் நாலு மணிக்கு எடுக்கோம்."

அவ்வளவுதான். மூன்றாவது நிறுத்தத்தில் முதலில் கண்ணில் படுகிறவரிடம் நான் சொல்வேன். அடுத்த பஸ்ஸுக்கு அந்த வீடே கிளம்பி நிற்கும். நிஜமா, யார் சொன்னது என்று யாரும் திருப்பிக் கேட்டது கிடையாது. கண்டக்டர் சொன்னார் என்றால் போதும்.

நான் படித்தது ஆறாம் வகுப்பு வரைதான். மிச்சம் படித்ததெல்லாம் பஸ்ஸில் ஏறியவர்கள் வாயில் இருந்து. செத்துவிட்டார் என்ற சொல்லை யாரும் அப்படியே சொல்ல மாட்டார்கள். ஒரு கிழவர், "எங்க வீட்டுக்காரி முந்திக்கிட்டா" என்றார். தம்பியைப் பறிகொடுத்த ஒருத்தி, "செருப்பைக்கூட மாட்டாமப் போயிட்டான்யா" என்றாள். மாமியார் செத்ததைச் சொல்ல வந்த இன்னொருத்தி, "எங்க வீட்டுல சத்தம் நின்னு போச்சு" என்றாள். அவள் அழுகிறாளா சிரிக்கிறாளா என்று எனக்கு இன்று வரை விளங்கவில்லை.

இத்தனை துட்டி சொன்ன நான் ஒரே ஒரு தடவை பொய்த் துட்டி சொன்னேன். உயிரோடு இருந்த என் அம்மாவுக்கு.

அம்மாவுக்குக் கூடப் பிறந்தவர் ஒரே ஓர் அண்ணன். எனக்குத் தாய்மாமா. எங்கள் ரூட்டிலேயே, இளையரசனேந்தலுக்கு இந்தப் பக்கம் ஒரு கரிசல் ஊரில் இருந்தார். மழையை நம்பிய காடு, பருத்தியும் மிளகாயும். அவருக்கு ஒரே மகள். அவள் பிறந்த அன்றைக்கே அம்மா தொட்டிலைத் தொட்டு, "இது எம்மருமவ" என்று சொல்லிவிட்டு வந்தாளாம். மாமாவும் என்னை எங்கே பார்த்தாலும் "என்ன மருமவனே" என்றுதான் கூப்பிடுவார். அப்பா சின்ன வயதிலேயே போய்விட்ட வீட்டில் அந்த ஒரு வார்த்தை எங்களுக்குப் பெரிய பலம்.

காதல் அது இது என்று சொன்னால் பொய். ஒருமுறை சங்கரன்கோவில் ஆடித்தபசுத் திருவிழாவுக்கு அவள் என் பஸ்ஸில் வந்தாள். ஜன்னல் ஓரத்து சீட்டில் உட்கார்ந்து, நான் டிக்கெட் கிழிப்பதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "இந்த பஸ்ஸு பூரா உங்களுக்குத்தானா அத்தான்?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். "அப்ப டயர்ல ஒண்ணு குடுங்க, ஊஞ்சல் கட்டணும்" என்றாள். இப்படி ஒரு பெண்.

எழுபதுகளின் நடுவில் அவளுக்குத் தென்காசியில் ஆபீஸ் உத்தியோகம் பார்க்கிற மாப்பிள்ளை வந்தது. மாமா கொடுக்கச் சம்மதித்துவிட்டார். அம்மா கேட்டு அனுப்பிய ஆளிடம், "ஓடுத பஸ்ஸுல நிக்கிறவனுக்கு எப்படிக் கட்டிக் குடுக்க? உக்காந்து வேலை பாக்குதவன் வந்திருக்கான்" என்று சொன்னாராம். மனம் வலித்தாலும் சொன்ன விதத்தை நினைத்து எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. அம்மாவுக்கு வரவில்லை.

கல்யாணத்துக்கு ஒரு வாரம் இருக்கும்போது அம்மா என் பஸ்ஸில்தான் ஏறி அண்ணன் ஊருக்குப் போனாள். சும்மா பேசிவிட்டு வருகிறேன் என்றாள். சாயங்காலம் திரும்பும்போது தலைமுடியெல்லாம் புழுதி. அவள் வாய் திறப்பதற்கு முன்பே பஸ்ஸில் ஏறிய மற்றவர்கள் எனக்குச் சொல்லிவிட்டார்கள். அண்ணன் வீட்டு வாசலில், தெரு ஜனம் பார்க்க, குனிந்து வலது கையால் ஒரு கை மண் அள்ளி, "எம்பிள்ளைய வேண்டாம்னு ஒதுக்கிட்டுல்லா போறா. அவ வயிறு வெளங்காது!" என்று தூற்றியிருக்கிறாள். காற்று எதிரே வீசியதால் பாதி மண் அவள் தலையிலேயே விழுந்திருக்கிறது.

மாமா வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறார். "நீ உசிரோட இருக்க மட்டும் உன் வாசல் மிதிக்க மாட்டேன். நீ செத்தா கோடி வரும். அதோட சரி" என்று மட்டும் சொன்னாராம்.

கோடி என்பது பிறந்த வீட்டுப் புதுச்சேலை. ஐம்பது வருடம் புருஷன் ஊரில் வாழ்ந்தவளாக இருந்தாலும் எங்கள் பக்கத்தில் பிறந்த வீட்டுக் கோடி போர்த்தாமல் ஒரு பெண்ணைத் தூக்க மாட்டார்கள். எவ்வளவு பகை இருந்தாலும் அந்தச் சேலை வந்துவிடும். அதைத்தான் மாமா சொன்னார்.

அன்றைக்குச் சங்கரன்கோவிலில் எங்கள் வீட்டுக்கு வந்ததும் அம்மா குடத்துத் தண்ணீரைச் சாய்த்துச் சாய்த்துக் கையைக் கழுவினாள். "வாய் போன போக்குல போயிட்டுலே. போயி மன்னிப்புக் கேட்டுட்டு வரட்டா?" என்று கேட்டாள். நான், "அவுக உன்னைய உள்ள விடுவாவளா? பேசாம இரு" என்றேன். வீம்பு எனக்கும் இருந்தது.

அதற்குப் பிறகு மாமா என் பஸ்ஸில் ஏறுவதில்லை. நிறுத்தத்தில் நிற்பார், படியில் நான் நிற்பதைப் பார்த்ததும் காட்டுப் பக்கம் திரும்பிக்கொள்வார். நானும் அந்த நிறுத்தம் வந்தால் டிக்கெட் கட்டை எண்ணுவது மாதிரி குனிந்துகொள்வேன். இறங்க ஆள் இல்லை என்றால் வண்டி நிற்காது. டிரைவர் அண்ணாச்சிக்கும் இது பழகிவிட்டது.

இப்படியே இரண்டு வருடம் ஓடியது. தலைப்பிரசவத்துக்கு மாமா மகள் அப்பா வீட்டுக்கு வந்திருக்கிறாள் என்று பஸ்ஸில் பேச்சு அடிபட்டது.

எங்கள் பஸ் ராத்திரி இளையரசனேந்தலில் தங்கும். விடிந்ததும் முதல் டிரிப் சங்கரன்கோவிலுக்கு. அன்றைக்குக் காலை ஏழு மணி இருக்கும். மாமா ஊர் நிறுத்தத்தில் ஒரு மாட்டுவண்டி நின்றது. மேலே பாய் கட்டியிருந்தது. வண்டிக்கு முன்னால் மாமா ரோட்டோரம் நின்றுகொண்டிருந்தார். கை தூக்கின மாதிரியும் இருந்தது, துண்டைச் சரிசெய்த மாதிரியும் இருந்தது.

டிரைவர் அண்ணாச்சி வேகத்தைக் குறைத்தார். "கை காட்டுத மாதிரி இருக்கேலே?"

"நம்ம பஸ்ஸுல அவரு ஏற மாட்டாரு. பருத்தி மூடை ஏத்த லாரிக்கு நிப்பாரு. போங்க அண்ணாச்சி."

ஒரு விசில் என்றால் நிறுத்தணும், இரண்டு விசில் என்றால் போகணும். நான் இரண்டு விசில் கொடுத்தேன்.

பருத்தி மூடைக்கு யாரும் பாய் கட்ட மாட்டார்கள், உள்ளே ஆள் படுத்திருந்தால்தான் கட்டுவார்கள் என்பது எனக்குத் தெரியாதா? வண்டியைத் தாண்டும்போதே தெரியும். ஆனால் விசில் ஊதியாகிவிட்டது. ஊதின விசிலை எப்படித் திரும்ப வாங்க என்று ஒரு அசட்டுக் கௌரவம். அடுத்த ஊரில் இறங்கி ஓடியிருக்கலாம். ஓடவில்லை.

அடுத்த பஸ் பத்து மணிக்குத்தான். அதுவரை காத்திருக்க முடியாமல் மாமா வண்டியையே சங்கரன்கோவிலுக்கு ஓட்டியிருக்கிறார். குழந்தை குறுக்கே கிடந்திருக்கிறது. டவுனுக்கு வெளியே குளத்துக்கரை மேட்டில் மாடுகள் ஏறிக்கொண்டிருக்கும்போது அவள் போய்விட்டாள். பிள்ளையும் தங்கவில்லை.

மத்தியான டிரிப்பில் அதே நிறுத்தத்தில் சட்டை போடாமல் ஓர் ஆள் நின்றார். அன்றைக்கு எனக்குக் காதைக் கொடுக்கப் பயமாக இருந்தது. "ஒங்க மாமா மவ போயிட்டாய்யா. டவுன்ல ஒங்க அம்மைட்டயும் சொல்லிருங்க" என்றார். ஊர் வழக்கம். துட்டியைக் கண்டக்டர்தான் சொல்ல வேண்டும். நான்தான் போய் அம்மாவிடம் சொன்னேன்.

அவள் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். கேட்டுவிட்டு அழவில்லை. தன் வலது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "இந்தக் கைதான்லே" என்றாள்.

நான் பக்கத்தில்தான் நின்றேன். 'இல்லம்மா, கை இல்ல, விசில்' என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

அந்த ஒரு வார்த்தையை ஒன்பது வருடம் சொல்லவில்லை.

அந்தக் கையால் அவள் சமைத்தாள், கூட்டினாள், தண்ணீர் இறைத்தாள். ஒரு குழந்தையை மட்டும் தொட மாட்டாள். தெருவில் தவழ்ந்து வந்து காலைப் பிடிக்கும் பிள்ளையைக்கூட, "ஏட்டி, வந்து தூக்கிட்டுப் போ" என்று தாயைக் கூப்பிட்டுக் கொடுத்துவிடுவாள். கோவிலில் பிரசாதமாகப் புற்றுமண் கொடுத்தால் வலது கையை நீட்ட மாட்டாள். "மண்ணை இந்தக் கையில போடாதீங்க" என்று சொல்லி நெற்றியைக் காட்டுவாள். தெரியாதவர்கள் ஒரு மாதிரிப் பார்ப்பார்கள்.

எனக்குப் புளியங்குடியில் பெண் எடுத்தார்கள். என் மனைவி முழுகாமல் இருக்கிறாள் என்று தெரிந்த அன்றைக்கே அம்மா ஒரு மஞ்சள் பையில் இரண்டு சேலையைச் சுருட்டிக்கொண்டு கரிவலத்தில் இருந்த என் சித்தப்பா வீட்டுக்குக் கிளம்பிவிட்டாள். "பிள்ளைத்தாச்சி இருக்க வீட்டுல நான் இருக்கக்கூடாது. பெத்து எடுத்தபெறவு சொல்லிவிடு" என்றாள். என் மகள் பிறந்து இருபதாம் நாள் வந்து, வாசலில் நின்று, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு எட்டிப் பார்த்தாள். "மூக்கு எங்க அண்ணன் மூக்கு" என்றாள். அவ்வளவுதான். என் மகளுக்குப் பேச்சு வந்த புதிதில் ஒருநாள் கேட்டது: "ஆச்சிக்குக் கையில புண்ணாப்பா?"

ஆமாம் என்று சொன்னேன்.

ஏன் சொல்லவில்லை என்று நீங்கள் கேட்கலாம். முதலில் பயம். பிறகு பழக்கம். அதற்கும் கீழே இன்னொன்று இருந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன். பாரத்தை அவள் சுமந்துகொண்டிருந்தவரை நான் சுமக்க வேண்டியிருக்கவில்லை. பஸ்ஸில் நின்றுகொண்டு நாலு பேரோடு சிரித்துப் பேசிக்கொண்டு போக முடிந்தது.

ஒன்பதாவது வருடம் அவளுக்கு வயிற்றில் கட்டி. ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டு, வீட்டில் வைத்து ஆனதைக் கொடுங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். முன்னறையில் கட்டில் போட்டுப் படுக்க வைத்தோம். "அவ வயித்தச் சொன்னேன், இப்ப எனக்கு வயித்துலயே வந்திருக்கு பாரு, சரியான எடத்துலதான் பிடிச்சிருக்கு" என்று ஒருநாள் சொன்னாள். கேட்க முடியவில்லை.

"எங்க அண்ணன் ஒரு தரம் வந்தா நல்லாருக்கும். மன்னிச்சேன்னு சொல்ல வேண்டாம்லே. மண்ணுக்கும் அதுக்கும் சம்பந்தமில்ல பிள்ளன்னு பொய்க்காவது ஒரு வார்த்தை. அதைக் கேட்டுட்டேன்னா கண்ணை மூடிருவேன்."

லீவு போட்டுவிட்டு மாமா ஊருக்குப் போனேன். பருத்தி எடுத்துக்கொண்டிருந்தார். மடியில் பஞ்சு நிறைந்திருந்தது. ஆள் பாதியாக இருந்தார். விஷயத்தைச் சொன்னேன். ஒரு செடி முடித்து அடுத்த செடிக்குப் போனார்.

"மாமா, அவ ரொம்ப நாள் தாங்க மாட்டா."

"நான் அன்னைக்குச் சொன்னதுதான். உசிரோட இருக்கையில வர மாட்டேன். போயிட்டான்னா சொல்லு, கோடியோட வாரேன்."

"செத்தபெறவு வந்து யாருக்கு மாமா பிரயோசனம்?"

"செத்தவ கேள்வி கேக்க மாட்டாள்லா" என்றார். இதை ஏன் சொன்னார் என்று அன்றைக்கு எனக்குப் புரியவில்லை.

இரண்டு நாள் கழித்து, காலை டிரிப்பில், அந்த நிறுத்தத்தில் ஒற்றை விசில் கொடுத்தேன். அந்த ஊர்க்காரர் ஒருவர் மண்வெட்டியோடு நின்றுகொண்டிருந்தார். இறங்கிப் போய்ச் சொன்னேன்: "எங்க மாமாட்ட சொல்லிருங்க. எங்க அம்மை போயிட்டா."

அவர் உடனே தலைத்துண்டை அவிழ்த்துக் கையில் பிடித்துக்கொண்டார். "நல்ல மனுசி" என்றார். ஊருக்குள் ஓடினார்.

படியில் ஏறியபோது டிரைவர் அண்ணாச்சி திரும்பிப் பார்த்தார். அதே அண்ணாச்சிதான். "ஏலே, நேத்துக்கூட கஞ்சி குடிச்சான்னு சொன்ன?"

"போங்க அண்ணாச்சி."

விசில் ஊத வாயில் எச்சில் இல்லை.

மதியம் ஒரு மணிக்கு மேல் அவர்கள் வந்தார்கள். டவுனில் லீவு சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்திருந்த நான் யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. என்ன சொல்ல? தெருமுனையிலேயே ஒப்பாரி கேட்டது. மாமா, அத்தை, கூட ஏழெட்டுப் பெண்கள். தலையை விரித்துப் போட்டுக்கொண்டு, "என்னைப் பெத்த தாயே" என்று மாரில் அடித்துக்கொண்டு வருகிறார்கள். பக்கத்து வீட்டுக்காரி வெளியே ஓடி வந்து, "எங்கன துட்டி? யாரு வீட்டுல?" என்று அவர்களிடமே கேட்டாள்.

உள்ளே அம்மா தலையணையில் சாய்ந்து உட்கார்ந்து மோர் குடித்துக்கொண்டிருந்தாள். சத்தம் கேட்டு டம்ளரை இறக்கினாள். "யாரோ பாவம், போயிட்டாவ போலிருக்கு. ஏ பிள்ள, என்னன்னு எட்டிப் பாரு" என்று என் மனைவியிடம் சொன்னாள்.

மாமா வாசலில் ஒரு கால், உள்ளே ஒரு காலாக நின்றுவிட்டார். கையில் மாலை. அத்தை கையில் புதுச்சேலை. ஒப்பாரி பாதிச் சொல்லில் அறுந்தது. பின்னால் வந்த ஒருத்தி, "ஏ யம்மா!" என்று கத்திக்கொண்டு தெருவுக்கே ஓடிவிட்டாள்.

அம்மா மாலையைப் பார்த்தாள். சேலையைப் பார்த்தாள். அண்ணனைப் பார்த்தாள். "எனக்காண்ணே?" என்றாள்.

மாமா என் பக்கம் திரும்பினார். அடித்திருந்தால் வாங்கியிருப்பேன். "ஏலே, பெத்தவளக் கொன்னுல்லா என்னைய வரவச்சிருக்க. நீயெல்லாம் ஒரு கண்டக்டரா?" என்றார். அந்தக் கோபத்திலும் அவர் மனிதனா என்று கேட்கவில்லை, கண்டக்டரா என்றுதான் கேட்டார். மாலையைக் கீழே போட்டுவிட்டுத் திரும்பினார்.

"அண்ணே, நில்லு. நான் செத்துட்டேன்னு நெனச்சுத்தான உள்ள வந்த? அப்படியே நெனச்சுக்கிட்டு ரெண்டு நிமிசம் உக்காரு. செத்தவகிட்ட என்ன கோவம்?"

மாமா உட்கார்ந்தார். தரையில், கட்டிலுக்குக் கொஞ்சம் தள்ளி. அத்தை உட்காரவில்லை. சேலையை மாரோடு அணைத்துக்கொண்டு சுவரோரம் நின்றாள்.

அம்மா வலது கையைப் போர்வைக்குள் இருந்து எடுத்து அவர் முன்னால் நீட்டினாள். "இந்தக் கை அள்ளின மண்ணுதான ஒம்பிள்ளையக் கொன்னது? ஆமான்னா ஆமான்னு சொல்லிரு. ஒம்போது வருசமா நானே கேட்டு நானே பதில் சொல்லுதேன், முடியல."

மாமா அந்தக் கையைப் பார்த்தார்.

"மண்ணு என்ன பண்ணும் பிள்ள" என்றார். "அன்னைக்கு வண்டியில அவளப் போட்டு ரோட்டுக்குக் கொண்டாந்துட்டேன். இவன் பஸ்ஸு வந்துது. கையத் தூக்கினேன். படியில இவன் நிக்கான். இவன வேண்டாம்னு சொல்லிட்டு இவன்கிட்டயே எம்மவள ஏத்திக்கன்னு கேக்கணுமான்னு ஒரு இது. தூக்கின கைய எறக்கிட்டேன். பாய்க்குள்ள இருந்து அவ கேக்கா, 'அத்தான் பஸ்ஸாப்பா?'ன்னு. இல்ல தாயி, வேற பஸ்ஸுன்னு சொன்னேன்."

அம்மா பக்கம் திரும்பினார். "நீ மண்ணத் தூத்தினது எனக்கு வசதியாப் போச்சு. ஊரே உன்னையச் சொல்லிச்சு. நானும் உன்னையச் சொல்லிக்கிட்டேன். ஒம்மூஞ்சியப் பாத்தா எங்க சொல்லிருவேனோன்னுதான் வரல."

இந்த இடத்தில் நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். அவர் எல்லாவற்றையும் தன் தலையில் எடுத்துக்கொண்டார். எனக்குத் தப்பிக்க இதைவிட நல்ல வாசல் திறக்காது. ஆனால் அவள், பாய்க்குள் இருந்து, என் பஸ்ஸா என்று கேட்டிருக்கிறாள்.

"நான் பாத்தேன் மாமா" என்றேன். "நீங்க கை தூக்கினதப் பாத்தேன். வண்டியில பாய் கட்டியிருந்ததையும் பாத்தேன். டிரைவர் நிறுத்தப் போனாரு. நான்தான் ரெண்டு விசில் குடுத்தேன்."

அவர் கையை இறக்கியது முந்தியா, நான் ஊதியது முந்தியா என்று நாங்கள் இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்தோம். இருவருக்கும் தெரியாது.

அம்மா நீட்டின கையை மெதுவாக மடக்கினாள். அவள் முகம் தெளியும் என்று நினைத்தேன். தெளியவில்லை. கறுத்துப் போனது.

"ஒம்போது வருசம்" என்றாள். "நீ காட்டுல நின்ன, இவன் பஸ்ஸுல நின்னான். நான் மட்டும் இங்கன இந்தக் கைய வச்சுக்கிட்டு... ஒரு பச்சப்பிள்ளையத் தொடாம... ஏலே, நீ பாத்துக்கிட்டுத்தான இருந்த?"

மாமா வாயில் துண்டை அடைத்துக்கொண்டு அழுதார். அப்போதுதான் சுவரோரத்தில் இருந்து அத்தை பேசினாள். ஒன்பது வருடத்தில் அவள் குரலை நான் கேட்டதே இல்லை.

"நல்லாருக்கு. எல்லாருமாச் சேந்து எம்பிள்ளைய அனுப்பி வச்சிட்டு, இப்ப ஆளுக்கொரு பங்குக்கு நிக்கிய. நான்தான் நான்தான்னு. அவள வயித்துல வச்சிருந்தவ ஒருத்தி இங்கன நிக்கேன். எங்கிட்ட ஒருத்தராவது வந்து கேட்டியளா?"

உண்மையாகவே எங்களுக்குத் தோன்றவில்லை. மாமாவின் மகள், அம்மாவின் மருமகள், என் முறைப்பெண் என்று பேசிக்கொண்டிருந்தோமே தவிர, அத்தையின் மகள் என்று நாங்கள் மூன்று பேரும் ஒருநாளும் சொன்னதில்லை.

அம்மா கட்டிலை விட்டு இறங்கப் பார்த்தாள். கால் ஊன்றவில்லை. நான் பிடிக்கப் போனபோது என் கையைத் தட்டிவிட்டாள். விளிம்பில் உட்கார்ந்தபடியே, "மைனி" என்று அண்ணியைக் கூப்பிட்டாள்.

அத்தை கட்டிலுக்குப் பக்கத்தில் வந்தாள். "நான் போத்துததுக்குத்தான் வந்தேன்" என்றாள். புதுச்சேலையை உதறி விரித்தாள். புதுத்துணியின் கஞ்சி வாடை அறையெல்லாம் பரவியது. கோடியைப் போர்த்துவது அண்ணன் பெண்டாட்டிதான். அம்மாவைப் படுக்க வைத்து, காலில் இருந்து இழுத்து, வயிற்றில் ஒரு கணம் நிறுத்தி, கழுத்துவரை போர்த்தினாள். முகத்தை மட்டும் மூடவில்லை. அம்மா கண்ணை மூடிக்கொண்டு கிடந்தாள். சேலைக்கு வெளியே வலது கை கிடந்தது. அத்தை அதையும் எடுத்து உள்ளே வைத்தாள்.

அது மன்னிப்பா, பாடை கட்டியதா, எனக்குச் சொல்லத் தெரியாது. அத்தை பிறகு ஒரு வாய்த் தண்ணீர்கூடக் குடிக்காமல் போய்விட்டாள். துட்டி வீட்டில் தண்ணீர் குடிக்கக்கூடாது என்று வாசலில் யாரோ கேட்டதற்குச் சொன்னாளாம்.

அம்மா அதற்குப் பிறகு பதினோரு நாள் இருந்தாள். அந்தச் சேலையை எடுக்கவிடவில்லை. பார்க்க வந்தவர்கள் பதறினார்கள். "எனக்கு வந்தது, நான் போத்தியிருக்கேன். உங்களுக்கு என்ன?" என்றாள். நாலாம் நாள் என் மகளைக் கூப்பிட்டாள். சேலைக்குள் இருந்து கையை எடுத்து, கொஞ்சநேரம் காற்றிலேயே வைத்திருந்து, பிறகு பிள்ளையின் தலையில் வைத்தாள். "ஆச்சி கை சுடுது" என்றது பிள்ளை. புண் எங்கே என்று கையைப் புரட்டிப் பார்த்தது.

அன்றைக்கு எனக்குத் தைரியம் வந்து, "என்னைய மன்னிச்சிட்டியாம்மா?" என்று கேட்டேன்.

அவள் என்னைப் பார்த்தாள். கோபமாகப் பார்க்கவில்லை. "மன்னிச்சேன்னு சொன்னா உனக்கு எறங்கிரும். ஒம்போது வருசத்த ஒரு நிமிசத்துல எறக்கி வைக்கப் பாக்கியா? கொஞ்ச நாள் நீயும் சொமலே. கனம் தெரியட்டும்" என்றாள்.

அதற்குப் பிறகு அந்தப் பேச்சை அவள் எடுக்கவில்லை. எடுப்பாள் என்று நான் தினமும் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். கஞ்சி கேட்டாள், தண்ணீர் கேட்டாள், ஜன்னலைத் திறக்கச் சொன்னாள். பதினோராம் நாள் காலையில் மூச்சு நின்றது.

துட்டி சொல்ல நானே போனேன். அதே நிறுத்தம். அதே மண்வெட்டிக்காரர். "எங்க அம்மை போயிட்டா" என்றேன். அவர் துண்டில் கையை வைத்தார், அவிழ்க்கவில்லை. "இப்பம் நெசமாய்யா?" என்று கேட்டார். பதினாறு வருடத்தில் என்னிடம் அந்தக் கேள்வியைக் கேட்டவர் அவர் ஒருவர்தான். என் முகத்தைப் பார்த்துவிட்டு அவரே துண்டை எடுத்தார்.

மாமாவும் அத்தையும் வெறுங்கையோடு வந்தார்கள். உயிரோடு இருக்கும்போது போர்த்தியது கோடி ஆகுமா, வேறு சேலை வாங்க வேண்டாமா என்று பெண்கள் கூடிக் கூடிப் பேசினார்கள். "நான் போத்தினது போத்தினதுதான்" என்றாள் அத்தை. வாய் அடங்கியது. போர்த்தியிருந்த சேலையை இழுத்து முகத்தையும் மூடினாள்.

அதன்பின் அந்த ரூட்டில் யாரும் என்னிடம் துட்டி சொல்லி அனுப்பவில்லை. துண்டோடு நிற்கிற ஆள் என்னைப் பார்த்ததும் அடுத்த பஸ்ஸுக்குத் தள்ளி நின்றுகொள்வார். நியாயம்தான். நானும் இறங்கிப் போய்க் காதைக் கொடுப்பதை விட்டுவிட்டேன். ஆனால் மாமா ஊர் நிறுத்தத்தில் மட்டும், ஆள் இருந்தாலும் இல்லாவிட்டாலும், ஒற்றை விசில் கொடுப்பேன். வண்டி நிற்கும். "ஒரு குருவியும் இல்ல, யாருக்கு வே நிறுத்துதீரு?" என்று பஸ்ஸில் இருந்து கத்துவார்கள். டிரைவர் அண்ணாச்சி ஒன்றும் கேட்க மாட்டார். நான் ரோட்டோரத்தை ஒருமுறை நன்றாகப் பார்த்துவிட்டுத்தான் அடுத்த விசில் ஊதுவேன்.

ஐந்தாறு மாதம் கழித்து ஒருநாள் காலை முதல் டிரிப்பில் அந்த நிறுத்தத்தில் அத்தை நின்றாள். தனியாக. கையை முழுசாகத் தூக்கிக் காட்டினாள். பக்கத்தில் ஒரு சின்ன மூட்டை, மிளகாய் வற்றல். இறங்கி அதைத் தூக்கிப் படியோரம் வைத்தேன். அவள் என்னைப் பார்க்காமல் ஏறி, உள்ளே போய், ஜன்னல் ஓரத்து சீட்டில் உட்கார்ந்தாள்.

நான் படியில் நின்றேன். விசில் வாய்க்குப் போகவில்லை. அண்ணாச்சி கண்ணாடியில் பார்த்தார். பஸ்ஸில் ஒருவர் இருமினார்.

அத்தை ஜன்னல் வழியே ரோட்டோரத்தைப் பார்த்தபடியே சொன்னாள்: "என்னத்துக்கு நிக்க? ஏற வேண்டியவ ஏறியாச்சு. விசில அடி, போவோம்."

இரண்டு விசில் கொடுத்தேன்.